துப்பறியும் சாம்பு: அசட்டுத் துப்பறிவாளரும் அவரை மேதையாக்கும் ஊரும்

துப்பறியும் சாம்பு, எழுத்தாளர் தேவன் படைத்த நகைச்சுவைக் கதாபாத்திரம். 1942ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வெளிவரத் தொடங்கிய சிறுகதைகளின் நாயகன். தொழில் தெரியாத தனியார் துப்பறிவாளர் ஒருவரை நடுவில் வைத்துச் சிரிக்கவைக்கும் படைப்புகள் பல மொழிகளில் உண்டு, திரைப்படங்களிலும் உண்டு. தமிழில் அந்த வகைக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் சாம்பு. இந்தக் கதைகளில் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது, யாரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், அந்தச் சிரிப்பு எங்கே நின்றுவிடுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க சில திரைப்படங்களும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஆசிரியரும் காலமும்

தேவனின் இயற்பெயர் ஆர். மகாதேவன். 1913இல் திருவிடைமருதூரில் பிறந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தார். சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தபின் ஆனந்த விகடனில் சேர்ந்தார். விகடனை விட்டு விலகிய கல்கி 1941இல் தமது பெயரிலேயே தனி இதழ் தொடங்கினார். அதன்பின் விகடனின் பொறுப்பு பெருமளவு தேவனின் தோளில் விழுந்தது. 1957இல் இறக்கும்வரை அந்த இதழோடே இருந்தார். மிஸ்டர் வேதாந்தம், ஜஸ்டிஸ் ஜகந்நாதன், ஸ்ரீமான் சுதர்சனம், கோமதியின் காதலன், சி.ஐ.டி. சந்துரு ஆகியவை அவருடைய பிற நாவல்கள். கோமதியின் காதலன் 1955இல் டி. ஆர். ராமச்சந்திரன் நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது.

சாம்பு பிறந்த 1942 எளிய ஆண்டு அல்ல. ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற பயத்தில் சென்னையை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். ஆகஸ்டு மாதம் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியது. கடைக்குப் போனாலும் ரயிலில் ஏறினாலும் கவலையே பேச்சாக இருந்த நாட்களில், வாரம் ஒரு முறை ஒரு மனிதர் தடுமாறி விழுந்து திருடனைப் பிடித்துக் கொடுத்தார். வாசகர்கள் அவரை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்பது புரியாத விஷயம் அல்ல.

சாம்புவுக்கு முன் வந்த துப்பறிவாளர்கள்

சாம்பு ஒரு கேலி. எதைக் கேலி செய்கிறது என்பது தெரிந்தால்தான் அதன் முழுச் சுவை தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் துப்பறியும் நாவல்களைத் தமிழில் ஏராளமாக எழுதிக் குவித்துவிட்டார்கள். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் வடுவூராரின் திகம்பர சாமியாரும் சாமானியர்கள் அல்லர். மாறுவேடம் போடுவார்கள், எதிரியின் அடுத்த அடியை முன்கூட்டியே அறிவார்கள், கடைசியில் எல்லா முடிச்சையும் ஒரு நீண்ட பேச்சில் அவிழ்ப்பார்கள். திகம்பர சாமியார் 1950இல் எம். என். நம்பியார் நடிப்பில் திரைக்கும் வந்தார்.

இந்த வரிசையில்தான் தேவன் சாம்புவைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். நாற்பது வயதை ஒட்டிய வங்கிக் குமாஸ்தா. வழுக்கைத் தலை, நீண்ட மூக்கு, எப்போதும் ஏதோ புரியாதது போன்ற முகம். அசடு என்று பெயர் வாங்கியவர். குமாஸ்தா வேலையிலிருந்து துப்பறியும் தொழிலுக்கு அவர் வந்து சேர்வதே ஒரு தற்செயல்தான். அவருக்கு நண்பராகவும் புகழ்பாடியாகவும் இன்ஸ்பெக்டர் கோபாலன் வாய்க்கிறார். பிறகு வேம்பு என்ற மனைவி வருகிறார். ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வாட்சன் எப்படியோ அப்படிச் சாம்புவுக்குக் கோபாலன். வாட்சன் புகழ்வது உண்மையான அறிவை. கோபாலன் புகழ்வது தாம் கற்பித்துக்கொண்ட அறிவை.

ஒரு கதை நடக்கும் விதம்

இந்தக் கதைகளுக்கு ஓர் அச்சு உண்டு. அதை விளக்க, தேவனின் கதை எதையும் எடுக்காமல் நாமே ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கல்யாண வீட்டில் நகை காணாமல் போகிறது. சாம்பு வரவழைக்கப்படுகிறார். அவருக்குப் பசி. சமையற்கட்டுப் பக்கம் போகிறார். பூனை குறுக்கே ஓடுகிறது. பயந்து பின்வாங்கியவர் அரிசி மூட்டைமேல் சாய்கிறார். மூட்டை சரிந்து பிரிகிறது. உள்ளேயிருந்து நகை விழுகிறது. இன்ஸ்பெக்டர் ஓடிவந்து, “அரிசி மூட்டையில்தான் இருக்கும் என்று வந்த உடனே கண்டுபிடித்துவிட்டீர்களே!” என்று கையைப் பிடித்துக் குலுக்குகிறார். சாம்பு விழிக்கிறார். அந்த விழிப்பும் அடக்கம் என்று பாராட்டப்படுகிறது.

இதில் நான்கு படிகள் இருக்கின்றன. முதலில் ஒரு குற்றம். அடுத்து, அதோடு சம்பந்தமே இல்லாத ஓர் அசட்டுச் செயல். மூன்றாவதாக, அந்தச் செயலால் தற்செயலாக உண்மை வெளிப்படுவது. நான்காவதாக, சுற்றி நிற்பவர்கள் அந்தத் தற்செயலுக்குக் காரணம் கற்பிப்பது. வெறும் தடுமாற்றக் கதை மூன்றாவது படியோடு முடிந்துவிடும். தேவனின் திறமை நான்காவது படியில் இருக்கிறது.

ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் 1929இல் அந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். தற்செயல் எதுவும் துப்பறிவாளருக்கு உதவக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. வாசகரும் துப்பறிவாளரும் ஒரே தடயங்களை வைத்துப் போட்டியிடும் விளையாட்டு அது. தற்செயல் நுழைந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்பது அவருடைய எண்ணம். சாம்பு கதைகள் அந்த ஒரு விதியைத் தலைகீழாக்கி அதன்மேலேயே கட்டப்பட்டவை. இங்கே தற்செயல் தவிர வேறெதுவும் துப்பறிவாளருக்கு உதவுவதில்லை. ஆகவே ‘குற்றவாளி யார்’ என்ற கேள்வி வாசகரை இழுப்பதில்லை. ‘இந்த அபத்தத்தை இவர்கள் எப்படி அறிவாக்கப் போகிறார்கள்’ என்ற கேள்விதான் இழுக்கிறது.

சிரிப்பு யாரைப் பார்த்து?

மேலோட்டமாகப் படித்தால் சாம்புவைப் பார்த்துச் சிரிப்பதுபோல் தோன்றும். கதையை முடித்துவிட்டு யோசித்தால், சாம்பு யாரையும் ஏமாற்றவில்லை என்பது தெரியும். பெரும்பாலும் அவர் விழிக்கிறார், முனகுகிறார், சும்மா இருக்கிறார். பொருள் முழுவதையும் மற்றவர்கள்தான் இட்டு நிரப்புகிறார்கள். ஒருமுறை மேதை என்று பெயர் வந்துவிட்டதால், பிறகு அவர் தும்மினாலும் அது ஒரு தடயம். பேசாமல் இருந்தால் ஆழம். உளறினால் குறிப்பு. கோபாலன் கெட்டவர் அல்ல, முட்டாளும் அல்ல. தாம் ஏற்கெனவே நம்பிவிட்டதை எங்கும் பார்க்கும் சாதாரண மனிதர். தேவனின் கிண்டல் முழுவதும் அவர்மேல், அதாவது நம்மேல்.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் இதை உடனே அடையாளம் காண்பார்கள். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய பிள்ளை தவறான விடை சொன்னால், அவசரத்தில் சொல்லிவிட்டான் என்பார்கள். மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளை சரியான விடை எழுதினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்ப்பார்கள். ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வு பி.எட். படித்தவர்களுக்கு அறிமுகமானது. கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளியில், சீட்டுக் குலுக்கியதுபோல் எடுத்த சில குழந்தைகளின் பெயர்களைக் கொடுத்து, ‘இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில், குறிப்பாகச் சின்ன வகுப்புகளில், அந்தக் குழந்தைகளின் மதிப்பெண்கள் மற்றவர்களைவிடக் கூடியிருந்தன. அந்த முடிவுகள் பற்றிப் பின்னாளில் வாதங்கள் எழுந்தன. ஆனாலும் எதிர்பார்ப்பு நம் கண்ணை மாற்றுகிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆய்வாளர்களுக்குக் கால் நூற்றாண்டு முன்பே, சிறிது காலம் வகுப்பறையில் நின்ற தேவன் இதைச் சிரிப்புக் கதையாக எழுதிவிட்டார்.

தமிழின் பழைய அசடுகள்

அசடுகளைப் பற்றிய கதைகள் தமிழுக்குப் புதியவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று பெயரிலேயே அசட்டுத்தனத்தைச் சுமக்கும் ஐந்து சீடர்கள். அவர்கள் ஆற்றைக் கடக்கப் பயப்படுகிறார்கள், தங்களை எண்ணும்போது ஓர் ஆளை விட்டுவிடுகிறார்கள். அங்கே அசட்டுத்தனத்துக்குத் தண்டனை உண்டு. சீடர்கள் ஏமாற்றப்படுவார்கள், காசை இழப்பார்கள். அதிலிருந்து ஒரு நீதி கிடைக்கும்.

சாம்பு கதையில் தண்டனை கிடையாது. அசட்டுத்தனத்துக்குப் பரிசு கிடைக்கிறது. ஆகவே ‘அசடாக இராதே’ என்ற நீதியை அதிலிருந்து எடுக்க முடியாது. பேச்சு வழக்கிலும் இந்த வேறுபாடு தெரியும். கும்பகோணம் பக்கத்து வீடுகளில் ‘அசடு’ என்ற சொல்லில் கொஞ்சம் செல்லமும் கலந்திருக்கும். இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களில் ‘கோட்டிக்காரன்’ என்று சொன்னால் அதில் செல்லம் குறைவு, விலக்கு அதிகம். சாம்பு செல்லமான அசடு. தமது சமூகத்துக்குள் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் அசடு. இதே தடுமாற்றங்களைச் செய்யும் ஓர் ஏழைக் கூலியாளுக்கு இன்ஸ்பெக்டர் கைகுலுக்கல் கொடுத்திருப்பாரா என்ற கேள்வியைக் கதைகள் கேட்பதில்லை. வாசகர் கேட்டுக்கொள்ளலாம்.

திரையில் சில உறவினர்கள்

சாம்புவோடு அடிக்கடி ஒப்பிடப்படுபவர் இன்ஸ்பெக்டர் க்ளூஸோ. பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கிய த பிங்க் பாந்தர் (1963) படத்தில் பீட்டர் செல்லர்ஸ் ஏற்ற வேடம் அது. க்ளூஸோவும் இடறி விழுகிறார், கடைசியில் வெற்றி அவர் பக்கம் சாய்கிறது. ஆனால் இரண்டு வேறுபாடுகள் முக்கியமானவை. க்ளூஸோ தம்மை மேதை என்று நம்புகிறார். சாம்புவுக்கு அந்தக் கர்வம் இல்லை. இரண்டாவது, க்ளூஸோவின் மேலதிகாரி ட்ரைஃபஸுக்கு உண்மை தெரியும். ஒரு முட்டாள் திரும்பத் திரும்ப ஜெயிப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் புத்தி பேதலிக்கிறது. சாம்புவின் உலகில் ட்ரைஃபஸ் இல்லை. அந்த இடத்தில் வாசகர்தான் இருக்கிறார். உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர். யாரிடமும் சொல்லவும் முடியாது. சாம்பு கதையைப் படித்தவர் உடனே இன்னொருவரிடம் சொல்லிச் சிரிக்க விரும்புவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொரு உறவினர் பிரெஞ்சுக்காரர். பிரான்சுவா த்ரூஃபோ 1968இல் எடுத்த ‘பேசே வோலே’ என்ற படம். ‘திருடிய முத்தங்கள்’ என்று பொருள். ழான்-பியேர் லியோ நடித்த அந்த்வான் என்ற இளைஞன் ராணுவத்திலிருந்து வெளியேற்றப்படுகிறான். ஒரு விடுதியில் இரவுக் காவல் வேலைக்குச் சேர்கிறான். தனியார் துப்பறிவாளர் ஒருவர் அவனை ஏமாற்றி ஓர் அறையைத் திறக்கவைக்க, அந்த வேலையும் போகிறது. அதே துப்பறிவாளர் அவனைத் தமது நிறுவனத்தில் சேர்த்துவிடுகிறார். அந்த்வானுக்கு யாரையும் பின்தொடரத் தெரியாது. செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெண்ணைத் தொடர்கிறான். அவள் நேராகப் போலீஸ்காரரிடம் புகார் செய்கிறாள். பிறகு ஒரு செருப்புக்கடை முதலாளி வருகிறார். தம்மை ஏன் யாருக்கும் பிடிப்பதில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லவேண்டும் என்கிறார். அதற்காகக் கடையில் வேலைக்கு அமர்த்தப்பட்ட அந்த்வான், முதலாளியின் மனைவிமேல் மையல் கொள்கிறான். துப்பறியும் வேலையும் போகிறது.

இந்தப் படத்தில் தோல்வி தோல்வியாகவே இருக்கிறது. தற்செயல் யாரையும் காப்பாற்றுவதில்லை. அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்த முதியவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோகிறார். சிரிப்புக்கு நடுவே அந்த மரணம் வருகிறது. அந்த்வான் யாருடைய ரகசியத்தையும் கண்டுபிடிப்பதில்லை. ஆனால் மனிதர்களைப் பின்தொடர்ந்ததில், தனிமையும் அன்பும் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் கற்றுக்கொள்கிறான். படத்தின் தொடக்கத்தில் இருந்த அந்த்வானும் முடிவில் இருப்பவனும் ஒரே ஆள் அல்ல. சாம்பு அப்படி அல்ல. முதல் கதையில் எப்படியோ, அநேகமாகக் கடைசிவரை அப்படியே.

நம் காலத்துக்கு வந்தால், 2019இல் ஸ்வரூப் ஆர்.எஸ்.ஜே. இயக்கத்தில் நவீன் பொலிஷெட்டி நடித்த தெலுங்குப் படம் ஏஜென்ட் சாய் ஸ்ரீனிவாச ஆத்ரேய. நெல்லூரில் ஒரு சின்ன அறையில் துப்பறியும் நிறுவனம் நடத்தும் இளைஞனின் கதை. அதன் தமிழாக்கம் 2022இல் மனோஜ் பீதா இயக்க, சந்தானம் நடித்து வெளிவந்த ஏஜென்ட் கண்ணாயிரம். ஆயிரம் கண் உள்ளவன் என்ற பெயரே ஒரு வேடிக்கை. இந்த நாயகர்கள் ஹாலிவுட் துப்பறிவாளர்களைப்போல் உடுத்தி, வழக்கு எதுவும் இல்லாமல் திரிகிறார்கள். ஆனால் ரயில் பாதையோரம் கிடக்கும் அடையாளம் தெரியாத பிணங்களும் தாயின் மரணமும் குறுக்கிட்டதும் கதை கனமாகிறது. அசட்டுத்தனம் ஒரு மேல்சட்டை மட்டுமே என்று தெரிகிறது. உள்ளே கூர்மையான மூளை இருக்கிறது. தெலுங்குப் படம் சிரிப்பையும் துயரத்தையும் ஓரளவு சேர்த்துத் தைத்துவிடுகிறது. தமிழில் துயரம் மேலோங்கிச் சிரிப்பு மெலிந்துபோகிறது. இரண்டிலுமே நாயகன் கடைசியில் உண்மையாகவே கெட்டிக்காரன். இறுதிவரை அசடாகவே இருக்கும் ஒருவரைக் கதையின் நடுவில் வைக்க தேவனுக்கு இருந்த துணிச்சல் இந்தப் படங்களில் இல்லை.

குறைகள்

சாம்பு கதைகளை இன்று படிக்கும்போது சில குறைகளும் கண்ணில் படுகின்றன. முதலாவது, அச்சு ஒன்றே என்பதால் தொடர்ந்து படித்தால் அலுப்புத் தட்டும். வாரத்துக்கு ஒன்றாகப் படிப்பதற்காக எழுதியதை ஒரே மூச்சில் தொகுப்பாகப் படிப்பது எழுத்தாளருக்குச் செய்யும் நியாயம் அல்ல. நாளைக்கு ஒன்று என்று படிப்பது நல்லது.

இரண்டாவது, கதைகளின் உலகம் குறுகியது. சென்னையின் உத்தியோகஸ்தர்களும் வசதியுள்ளவர்களும் புழங்கும் வீடுகளே பெரும்பாலும் களம்.

மூன்றாவதுதான் கனமானது. 1942இல் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்பவர் ஊர்வலங்களில் தடியடி நடத்திய அரசின் கை. கோபாலனோ வாய்விட்டுச் சிரித்துக் கைகுலுக்கும் நல்லவர். சாம்பு தற்செயலாகச் சுட்டிக்காட்டும் ஆள் எப்போதும் உண்மையான குற்றவாளியாகவே இருக்கிறார். நிரபராதி ஒருவர்மேல் அந்தத் தற்செயல் போய் விழுந்திருந்தால் என்ன ஆகும்? எல்லாரும் மேதை என்று நம்பும் ஒருவரின் உளறலை வைத்து ஓர் அப்பாவி சிறைக்குப் போயிருப்பார். வாழ்க்கையில் அப்படி நடப்பதுண்டு. நகைச்சுவை அந்தக் கதவைத் திறப்பதில்லை. திறந்திருந்தால் கதை வேறு ஜாதியாகியிருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கதவு அங்கே இருக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

மேடையும் தொலைக்காட்சியும்

சாம்பு அச்சோடு நிற்கவில்லை. ஓவியர் கோபுலுவின் கோடுகளில் படக்கதையானார். மேடையில் அந்த வேடம் போட்ட என். எஸ். நடராஜனுக்குச் ‘சாம்பு’ நடராஜன் என்றே பெயர் நிலைத்தது. தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தார்.

நடிப்பில் ஒன்று கிடைக்கிறது, ஒன்று போகிறது. கிடைப்பது உடல். விழிப்பதும் தடுமாறுவதும் நடிகருக்கு விருந்து. போவது, சாம்புவின் மனத்துக்குள் ஓடும் குழப்பம். அவர் என்ன நினைத்து அந்தப் பக்கம் திரும்பினார் என்பதைத் தேவனின் நடை அமைதியாகச் சொல்லிவிடும். அடுத்த வரியில் கோபாலன் அதற்கு வேறு காரணம் சொல்வார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில்தான் சிரிப்பு. மேடையில் முதலாவது மங்கிவிடுவதால், பார்வையாளர் சாம்புவை மட்டும் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறார். அசலில் அது பாதிதான்.

மதிப்பீடு

சாம்புவுக்குப் பிறகு தமிழில் துப்பறிவாளர்கள் வரிசையாக வந்தார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா எல்லாரும் கெட்டிக்காரர்கள். சாம்புவுக்கு நேர்வாரிசு என்று சொல்லத்தக்க ஆள் அவர்களில் இல்லை. கெட்டிக்காரரைப் படைக்க ஒரு நல்ல புதிர் போதும். ஓர் அசட்டை மேதையாக்கிக் காட்ட, அவரைச் சுற்றியுள்ள ஒரு சமூகத்தையே கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்.

யாரைப் பற்றியும் வீடியோ ஒன்றைப் பார்த்தே மேதை என்றும் மக்கு என்றும் தீர்ப்பு எழுதும் இந்த நாளில், கோபாலன்கள் குறைந்துவிடவில்லை, கூடியிருக்கிறார்கள். சாம்பு கதைகளைப் புதிதாகப் படிக்கும் மாணவர்கள் ஒரு சின்னப் பயிற்சி செய்து பார்க்கலாம். ஒரு கதையை எடுத்து, சாம்பு உண்மையில் செய்தவற்றை ஒரு பக்கமும், அவர் செய்ததாக மற்றவர்கள் சொல்பவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல் எப்போதும் நீளமாக இருக்கும்.